துருப்பிடித்த மின் பெட்டி: மழைக்கு முன் வீடுகளும் பள்ளிவாசல்களும் கவனிக்க வேண்டியவை



வடகிழக்குப் பருவமழை வருவதற்கு முன் மாடித் தளத்தின் வெடிப்பை அடைக்கிறோம், வாய்க்காலைத் தூர்வாருகிறோம், அரிசி மூட்டையை உயரத்தில் ஏற்றி வைக்கிறோம். வெளிச்சுவரில் இருக்கும் மெயின் சுவிட்ச் பெட்டியையும், போர் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியையும், பள்ளிவாசலில் உளூ செய்யும் இடத்தருகே உள்ள சுவிட்ச் பெட்டியையும் நினைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. மோட்டார் ஓடும் வரை அந்தப் பெட்டியை யாரும் திறப்பதில்லை.

நம் கடம்பத்தூர் வட்டாரம் தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். கூவம் ஆற்றுக்குப் பெயர் தந்த கூவம் கிராமம் நம் ஒன்றியத்தில்தான் இருக்கிறது. கொசஸ்தலை ஆறும் பூண்டி நீர்த்தேக்கமும் தொலைவில் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையையும் திருவள்ளூர் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. மழையும் மின்சாரமும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2017 நவம்பர் 1ஆம் தேதி கொடுங்கையூரில் நடந்ததே போதும். தெருவில் தேங்கிய மழைநீரில் கிடந்த மின்கம்பியை மிதித்து இரண்டு சிறுமிகள் உயிரிழந்தார்கள். தெருவில் உள்ள கம்பிக்கும் பெட்டிக்கும் மின்வாரியம் பொறுப்பு. மீட்டரைத் தாண்டி நம் சுவருக்குள் வரும் ஒவ்வொரு பெட்டிக்கும் நாம்தான் பொறுப்பு.

ஆகவே இந்த இதழில், மின் பெட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது, உள்ளே இருக்கும் பொருள்களைத் துருவிலிருந்து எப்படிக் காப்பது என்று பார்ப்போம்.

துருவில் என்ன ஆபத்து?

பெட்டி துருப்பிடித்தால் பார்க்க அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான் என்று பலர் நினைக்கிறோம். உண்மையில் துரு இரண்டு வழிகளில் உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்தாகிறது.

முதலாவது, எர்த். இரும்புப் பெட்டிக்குள் ஒரு வயரின் உறை எலி கடித்தோ சூட்டில் வெடித்தோ தகட்டைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எர்த் இணைப்பு நன்றாக இருந்தால் மின்சாரம் அந்த வழியாக மண்ணுக்குப் போய்விடும், ஃபியூஸும் போகும். எர்த் வயரைப் பெட்டியோடு இணைக்கும் போல்ட் துருவேறியிருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். பெட்டியின் தகடு முழுவதும் 230 வோல்ட் நிற்கும். விளக்கு எரியும், மோட்டார் ஓடும், வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது. உளூ செய்துவிட்டு ஈரக் கையோடு, செருப்பில்லாமல் வருபவர் தொடும்போதுதான் தெரியும்.

எர்த் குழியும் இப்படித்தான். மண்ணில் புதைத்த இரும்புக் குழாய் ஆண்டுக்கு ஆண்டு அரிக்கப்படும். கோடையில் மண் காயும்போது அதன் மின்தடை இன்னும் ஏறும். எர்த் குழியின் தடை 20 ஓம் என்றால், 230 வோல்ட்டுக்கு 11.5 ஆம்பியர் மின்சாரம்தான் அதன் வழியே ஓடும். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு விழாது. ஒரு மனித உடலுக்கோ 30 மில்லி ஆம்பியருக்கு மேல் போனாலே ஆபத்து. இதனால்தான் எம்.சி.பி. மட்டும் போதாது, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒவ்வொரு வீட்டிலும் வேண்டும் என்கிறோம்.

இரண்டாவது, சூடு. செம்பு முனையில் பச்சை படிந்தாலோ, அலுமினிய வயரில் வெள்ளைப் பூஞ்சை போலப் படிந்தாலோ, இணைப்பின் தடை ஏறுகிறது. 2 குதிரைத்திறன் மோட்டார் ஒன்று சுமார் 12 ஆம்பியர் இழுக்கும். அதன் ஒரு முனையில் 0.2 ஓம் தடை சேர்ந்துவிட்டால் அந்த ஒரே இடத்தில் ஏறத்தாழ 29 வாட் வெப்பம் உண்டாகும். ரேடியோ மெக்கானிக் வைத்திருக்கும் 25 வாட் சால்டரிங் அயர்ன் ஈயத்தை உருக்குகிறது. அதைவிட அதிகச் சூடு, பிளாஸ்டிக்குக்கும் வயருக்கும் நடுவில், மோட்டார் ஓடும் நேரமெல்லாம் இருந்துகொண்டே இருக்கும். ரமளானில் பள்ளிவாசலின் விளக்கு, விசிறி, மோட்டார் எல்லாம் வழக்கத்தைவிட அதிக நேரம் ஓடும்போது இப்படிப்பட்ட இணைப்புதான் முதலில் கருகும்.

பெட்டியில் போட்டிருக்கும் ஐ.பி. எண்

கடையில் வாங்கும் நல்ல பெட்டியில் ஐ.பி. 54, ஐ.பி. 65 என்று அச்சிட்டிருப்பார்கள். இது உலக அளவில் ஒரே பொருள் தரும் குறியீடு, இந்தியத் தர நிர்ணயமும் இதை ஏற்றிருக்கிறது. முதல் எண் தூசியையும் விரலையும் பற்றியது, 0 முதல் 6 வரை போகும். 2 என்றால் விரல் உள்ளே போகாது, 5 என்றால் கெடுதல் செய்யும் அளவு தூசி போகாது, 6 என்றால் தூசியே போகாது. இரண்டாம் எண் தண்ணீரைப் பற்றியது. 4 என்றால் எந்தப் பக்கமிருந்து தெறித்தாலும் தாங்கும். 5 என்றால் நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வீதம் குழாயால் பீய்ச்சினாலும் தாங்கும். 6 என்றால் நிமிடத்துக்கு 100 லிட்டர் வேகத்தையும் தாங்கும். 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கியிருக்கலாம்.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். இந்தச் சோதனை புதிய பெட்டியில், நல்ல தண்ணீரில், சில நிமிடங்கள் மட்டும் செய்யப்படுவது. அடுத்தது, ஐ.பி. எண் துருவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. ஐ.பி. 65 போட்ட பெட்டி இரண்டு மழைக்காலத்தில் துருப்பிடிக்கலாம். மூடியின் ரப்பர் வெயிலில் காய்ந்து வெடித்த நாளிலிருந்து அந்த 65 வெறும் எண்தான். துருவைத் தாங்குமா என்று தெரிய, பெட்டி எதனால் செய்யப்பட்டது என்று கேட்க வேண்டும்.

எந்தப் பொருளால் ஆன பெட்டி?

கடையில் மலிவாகக் கிடைப்பது சாதாரண இரும்புத் தகட்டில் பவுடர் கோட்டிங் செய்த பெட்டி. வீட்டுக்குள், காய்ந்த சுவருக்கு இது போதும். ஆனால் பூச்சு உரிந்த இடத்திலும், எலக்ட்ரீஷியன் டிரில் போட்ட ஓட்டையின் விளிம்பிலும் துரு தொடங்கிப் பூச்சுக்கு அடியிலேயே பரவும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு இதைவிடத் தாங்கும். கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304, 316 என்று இரண்டு ரகம் கேள்விப்படுவோம். 304 ரகம் நம் ஊருக்குத் தாராளமாகப் போதும். 316 ரகத்தில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பைத் தாங்கும். பழவேற்காடு, எண்ணூர் போன்ற கடலோரத்தில் இருப்பவர்களுக்கு அதுதான் ஏற்றது.

துருவே பிடிக்காதவை பிளாஸ்டிக் வகைகள். ஏ.பி.எஸ். பெட்டி வீட்டுக்குள் நல்லது, வெயிலில் வைத்தால் சில ஆண்டுகளில் மஞ்சளாகி நொறுங்கும். வெளியில் வைப்பதற்கு, புற ஊதாக் கதிரைத் தாங்கும் பாலிகார்பனேட் அல்லது கண்ணாடி இழை கலந்த எஸ்.எம்.சி. பெட்டியைக் கேட்டு வாங்க வேண்டும். இவற்றில் இன்னொரு நன்மை, பெட்டியே மின்சாரம் கடத்தாது. ஆனாலும் உள்ளே வரும் எர்த் வயரை இணைக்காமல் விட்டுவிடக் கூடாது, மோட்டாருக்கு அது வேண்டும். மரப்பெட்டியும் மரப்பலகையும் ஈரத்தை உறிஞ்சும், தீயும் பிடிக்கும். பழைய வீடுகளில் இருந்தால் மாற்றிவிடுவதே நல்லது.

இடத்துக்கு ஏற்ற பெட்டி

வீட்டுக்குள் இருக்கும் டி.பி. பெட்டிக்கு ஐ.பி. 30 அல்லது அதற்கு மேல் போதும். குளியலறையோடு ஒட்டிய சுவரில் மட்டும் வைக்கக் கூடாது.

சன்ஷேடுக்குக் கீழே உள்ள வெளிச்சுவருக்கு ஐ.பி. 54, திறந்த வெளிக்கு ஐ.பி. 65 வாங்கலாம். மேலே சரிவான சிறு கூரை ஒன்று அமைத்தால் எந்தப் பெட்டியின் ஆயுளும் கூடும். மேற்குச் சுவரைத் தவிர்க்கலாம். நம் பக்கத்துக் கத்திரி வெயிலில் அங்கே பெட்டிக்குள் இருக்கும் சூடு வெளிச்சூட்டைவிட மிக அதிகம். வீட்டு எம்.சி.பி.க்கள் 30 டிகிரி சூட்டுக்கு அளவு செய்யப்பட்டவை. அதற்கு மேல் போனால் காரணமில்லாமல் விழத் தொடங்கும்.

உளூ செய்யும் இடத்தில் பெட்டியே வைக்காமல் இருப்பது முதல் விதி. தண்ணீர் தெறிக்கும் எல்லைக்கு வெளியே, சிறுவர் கைக்கு எட்டாத உயரத்தில், ஐ.பி. 65 பிளாஸ்டிக் பெட்டியில் வைக்க வேண்டும். அந்த இணைப்புக்குத் தனி ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும். மையித்தைக் குளிப்பாட்டும் அறைக்கும் இதே விதிதான்.

போர் மோட்டார் பெட்டியைத் தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் வைத்திருப்பதைப் பல இடங்களில் பார்க்கிறோம். 2015இலும் 2023இலும் உங்கள் தெருவில் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்பதற்குச் சுவரில் இன்னும் கறை இருக்கும். அதற்கு மேல் குறைந்தது இரண்டு அடி உயரம் வேண்டும். வெள்ளத்தில் மூழ்கும் இடத்தில் ஐ.பி. 67 பெட்டி வாங்கி வைப்பதைவிட, பெட்டியை உயர்த்துவது மலிவு, நிச்சயமும் கூட.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்துக்குப் பிறகு நம் வீடுகளின் மாடியிலும் சோலார் பலகைகள் வருகின்றன. அவற்றின் டி.சி. பெட்டியில் ஈரம் புகுந்தால் அரிப்பு மிக வேகமாக நடக்கும். மெயின் சுவிட்சை அணைத்தாலும் பகலில் அந்த வயர்களில் மின்சாரம் இருக்கும். அதைத் திறப்பதைப் பொருத்தியவர்களிடமே விட்டுவிட வேண்டும்.

காக்களூர், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைகளில் சிறு பட்டறை வைத்திருப்பவர்களும் வேலை பார்ப்பவர்களும் நம்மில் உண்டு. இரும்புத் தூள் பறக்கும் இடத்தில் அந்தத் தூள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மேல் படிந்து அதிலும் துருப்புள்ளி வைக்கும், மாதம் ஒருமுறை ஈரத் துணியால் துடைத்தால் போதும். அமிலத் தொட்டி உள்ள இடத்தில் உலோகப் பெட்டியைத் தவிர்த்து எஸ்.எம்.சி. பெட்டி வைப்பது நல்லது. பெரிய பேனல் வாங்கும்போது உப்புநீர்த் தூவல் சோதனையில் எத்தனை மணி நேரம் தாங்கியது என்று கேளுங்கள். 5 சதவீத உப்புக் கரைசலை 35 டிகிரி சூட்டில் தொடர்ந்து தெளித்துப் பார்க்கும் சோதனை அது. நல்ல தயாரிப்பாளர் சான்றிதழோடு பதில் சொல்வார்.

மூடிய பெட்டிக்குள் தண்ணீர் எப்படி வருகிறது?

மழையே படாத பெட்டியைத் திறந்தாலும் உள்ளே நீர்த்துளி நிற்பதைப் பலர் பார்த்திருப்போம். பகலில் சூடேறும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து இடுக்குகள் வழியே வெளியேறும். இரவில் குளிரும்போது வெளியே உள்ள ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். விடியற்காலையில் தகடு குளிர்ந்திருக்கும் நேரத்தில் அந்த ஈரம் துளியாகப் படியும். சோற்றுப் பானையின் மூடியில் நீர் கோப்பது போலத்தான். காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கும், 80க்கு மேல் வேகம் பிடிக்கும். ஐப்பசி கார்த்திகையில் நம் காற்று பெரும்பாலும் அந்த நிலையில்தான் இருக்கிறது.

இதற்காகப் பெட்டியை இன்னும் இறுக்கமாக மூடுவதால் பயனில்லை. வந்த ஈரம் வெளியேற வழி வேண்டும். வெளியில் உள்ள பெட்டிகளுக்கு அடிப்பக்கத்தில் நீர் வடியும் சிறு பிளக் கிடைக்கிறது. காற்றை விட்டுத் தண்ணீரைத் தடுக்கும் பிரீதர் பிளக்கும் கிடைக்கிறது. அவற்றைப் பொருத்தினால் ஐ.பி. மதிப்பும் குறையாது. சிறிய பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைக்கலாம், நிறம் மாறியதும் மாற்ற வேண்டும். பெரிய பேனல்களில் தெர்மோஸ்டாட்டோடு கூடிய சிறு ஹீட்டர் வைப்பார்கள்.

பக்கத்தில் வைக்கக் கூடாதவை

பல பெட்டிகளைக் கெடுப்பது மழை அல்ல, நாம் அதனருகே வைக்கும் பொருள். கழிவறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் மெயின் சுவிட்சின் கீழே வைக்கும் பழக்கம் வீடுகளிலும் மதரஸாக்களிலும் உண்டு. அவற்றின் ஆவி செம்பையும் பித்தளையையும் சில மாதங்களில் பச்சையாக்கிவிடும். இன்வர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஆகும்போது அமிலத் துளியும் தீப்பிடிக்கும் வாயுவும் வரும். அதை டி.பி. பெட்டியோடு ஒரே அலமாரியில் பூட்டி வைக்கக் கூடாது, காற்றோட்டம் வேண்டும். செப்டிக் டேங்க் காற்றுக்குழாயின் அருகே உள்ள பெட்டியில் செம்பு கறுத்துப் போகும். மாட்டுக் கொட்டகையின் அம்மோனியா பித்தளையை வெடிக்க வைக்கும்.

பொருத்தும்போது எலக்ட்ரீஷியனிடம் கேட்க வேண்டியவை

வயர்களைப் பெட்டியின் அடிப்பக்கத்திலிருந்து நுழைக்கச் சொல்லுங்கள். மேலிருந்து நுழைத்தால் மழைநீர் வயர் வழியே உள்ளே வடியும். நுழையும் முன் வயர் கீழே ஒரு வளைவு வளைந்து மேலேறினால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ஒவ்வொரு வயருக்கும் அதன் தடிமனுக்கு ஏற்ற கிளாண்ட் போட வேண்டும். பயன்படாத ஓட்டைகளைப் பிளக் போட்டு அடைக்க வேண்டும், பல்லியும் எறும்பும் அந்த வழியேதான் வரும்.

அலுமினிய வயரையும் செம்பு வயரையும் நேரடியாக முறுக்கிச் சேர்க்க விடாதீர்கள். ஈரம் பட்டால் அந்த இரண்டு உலோகங்களும் சிறு பேட்டரி போலச் செயல்பட்டு அலுமினியம் அரித்துப்போகும். இதற்கென பைமெட்டாலிக் லக் இருக்கிறது. செம்பு வயருக்கு வெள்ளீயம் பூசிய லக் போடச் சொல்லுங்கள். டிரில் போட்ட ஓட்டையின் விளிம்பில் ஜிங்க் பிரைமர் பூச வேண்டும், உள்ளே விழுந்த இரும்புத் துருவல்களைத் துடைத்தெடுக்க வேண்டும். இரும்புப் பெட்டியானால் எர்த் பெட்டிக்கு மட்டுமல்ல, கதவுக்கும் போக வேண்டும். கீல் துருப்பிடித்தால் கதவு எர்த் இல்லாமல் நிற்கும்.

மழைக்கு முன்னும் பின்னும்

ஆண்டுக்கு இருமுறை, புரட்டாசியிலும் தையிலும், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து, மெயினை அணைத்துவிட்டு இவற்றைச் செய்யச் சொல்லுங்கள்: முனைகளை முறுக்கி இறுக்குதல், கருகியதையும் பச்சை படிந்ததையும் மாற்றுதல், மூடி ரப்பரைச் சோதித்தல், எர்த் தடையைக் கருவி வைத்து அளத்தல். டெஸ்டர் எரியவில்லை என்பது எர்த் நன்றாக இருப்பதற்குச் சான்றாகாது. துருவேறிய முனையை உப்புத்தாளால் தேய்த்தால் அதன் பூச்சும் போய் இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும், மாற்றுவதே சரி. தேங்காய் எண்ணெய் தடவக் கூடாது, தூசியைத்தான் சேர்க்கும். ஆர்.சி.சி.பி.யில் உள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை வீட்டில் உள்ளவர்களே அழுத்திப் பார்க்கலாம். அழுத்தியதும் விழ வேண்டும். விழாவிட்டால் அன்றே மாற்ற வேண்டும்.

வெள்ளத்தில் பெட்டி மூழ்கினால், தண்ணீர் வடிந்தவுடன் சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள். மூழ்கிய எம்.சி.பி.யையும் ஆர்.சி.சி.பி.யையும் காயவைத்துப் பயன்படுத்தக் கூடாது, உள்ளே சேறும் உப்பும் தங்கியிருக்கும். அவற்றை மாற்ற வேண்டும். வயரிங்கைக் காயவைத்து மெகர் கருவியால் சோதித்து, குறைந்தது 1 மெகா ஓம் காட்டிய பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

மீட்டரும் அதன் சீலும் மின்வாரியத்தைச் சேர்ந்தவை. அதில் துருவோ தீப்பொறியோ கண்டால் நாமே திறக்காமல், தெருவில் உள்ள பெட்டி திறந்து கிடந்தாலும், மின்வாரியத்தின் ‘மின்னகம்’ எண் 94987 94987இல் புகார் கொடுக்கலாம்.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். வக்ஃப் சொத்து நம்மிடம் உள்ள அமானத். விரிப்புக்கும் விளக்குக்கும் மனமுவந்து தரும் நம் மஹல்லா மக்கள், ஒரு நல்ல மின் பெட்டிக்கும் ஆர்.சி.சி.பி.க்கும் தரத் தயங்க மாட்டார்கள், கேட்டால் போதும். நடக்கும் பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதை நன்மை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தொழ வருபவரின் கை படும் இடத்தில் துருவேறித் தொங்கும் பெட்டியை மாற்றுவதும் அந்த நன்மையில் சேர்ந்ததே. எலக்ட்ரீஷியன் படிப்பு முடித்த நம் பிள்ளைகள் மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, தனியாக இருக்கும் முதியவர்கள், கணவரை இழந்த சகோதரிகள் ஆகியோரின் வீட்டுப் பெட்டிகளைப் பார்த்துக் கொடுத்தால் அது பெரிய உதவி.

வரும் மழையை அல்லாஹ் நமக்கு ரஹ்மத்தாக ஆக்கி, நம் குடும்பங்களை எல்லா ஆபத்திலிருந்தும் பாதுகாப்பானாக. ஆமீன்.